தள்ளத் தெரியாத தசைகள்

சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள் காலை. இரண்டு இரவுகளை ரயிலில் கழித்துவிட்டு, நம் பல்கலைக்கழக நகரின் நிலையத்தில் வந்திறங்கினேன். என்னுடன் ஒரு தகரப் பெட்டியும் இறங்கிற்று. அதில் பாதி புத்தகங்கள். மீதி, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் முறுக்கும். எடை 20 கிலோவுக்குக் குறையாது. செஞ்சட்டை அணிந்த சுமைகூலி ஒருவர் அருகில் வந்து, தாம் தூக்கி வருவதாகச் சைகை காட்டினார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். என்னைவிட மெலிந்த உடல். ‘இவர் தூக்குவதை நான் தூக்கமாட்டேனா?’ என்ற செருக்கும், கூலியை மிச்சம் பிடிக்கும் ஆசையும் என்னிடம் ஒன்று சேர்ந்துகொண்டன. வேண்டாம் என்று தலையசைத்தேன். முழங்கால்களை மடக்காமல், இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்து, கையை எட்ட நீட்டிப் பெட்டியைப் பற்றி ஒரே மூச்சில் தூக்கினேன்.

பெட்டி ஒரு சாண் உயர்ந்தது. அதற்குமேல் அதுவும் எழவில்லை, நானும் எழவில்லை. கீழ் முதுகில் ஆணி அறைந்தாற்போல ஒரு வலி! குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன்.

அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தார். மற்றொருவரைக் கைகொடுக்கச் சொல்லிப் பெட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார். பிறகு நிமிர்ந்த நடையில் படியேறிப் போய்விட்டார். இருபது வயது இளைஞனான நான், கூன் விழுந்த கிழவனைப்போல அவர் பின்னே தள்ளாடித் தள்ளாடிச் சென்றேன்.

நான் பொறியியல் மாணவன். நெம்புகோல் தத்துவத்தை வகுப்பில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். அதே தத்துவம் என் இடுப்பிலும் குடியிருக்கின்றது என்பதை மட்டும் நான் அறிந்திருக்கவில்லை. படுக்கையில் கிடந்த நாட்களில், மருத்துவம் பயிலும் நண்பர் ஒருவரிடம் உடலியல் நூலொன்றை இரவல் வாங்கிப் படித்தேன். எலும்பும் தசையும் கூடித் தொழில் செய்யும் விந்தை அப்போதுதான் எனக்கு ஓரளவு விளங்கிற்று. பெட்டியோடு வந்திறங்கும் நம் மாணவர் அனைவருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் அதனை இங்கே எழுதுகின்றேன்.

இழுத்தல் ஒன்றே தொழில்

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றை அசைப்பதற்கென அமைந்த தசைகளோ 600க்கு மேற்பட்டவை. இத்தனை தசைகள் இருந்தும், அவை அனைத்துக்கும் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான்: சுருங்குதல். தசை சுருங்கும்போது, தன் இரு முனைகளிலும் பிணைந்திருக்கும் எலும்புகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றது. இழுக்கத் தெரிந்த தசைக்குத் தள்ளத் தெரியாது.

தேர்வடத்தை நினைத்துப் பாருங்கள். வடத்தைப் பிடித்துத் தேரை முன்னே இழுக்கலாம். அதே வடத்தைக் கொண்டு தேரைப் பின்னே தள்ள முடியுமா? தேர் பின்னோக்கி வரவேண்டுமானால், மறுபக்கம் வேறொரு வடத்தைக் கட்டி, அங்கே வேறு ஆட்கள் நின்று இழுக்கவேண்டும். தசைகளின் நிலையும் இதுவே. ஆகையால்தான் இயற்கை அவற்றைப் பெரும்பாலும் எதிரெதிராக அமைத்து வைத்திருக்கின்றது. ஒன்று மடக்கினால் மற்றொன்று நீட்டும்.

இதனை நீங்கள் இருந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். வலக்கையை மேசைக்கு அடியில் வைத்து, உள்ளங்கையால் மேசையை மேல்நோக்கித் தூக்க முயலுங்கள். அப்போது இடக்கையால் வலப் புயத்தின் முன்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஒரு தசை கல்லைப்போல் இறுகியிருக்கும். அதற்கு இருதலைத் தசை என்று பெயர். இனி, வலக்கையை மேசையின் மேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இப்பொழுது முன்புறத் தசை தளர்ந்து, புயத்தின் பின்புறம் இறுகும். அது முத்தலைத் தசை. முன்னது முழங்கையை மடக்குவது, பின்னது நீட்டுவது.

“தசைக்குத் தள்ளத் தெரியாது என்கிறீரே! நான் அன்றாடம் கதவைத் தள்ளிக்கொண்டுதானே வகுப்புக்குள் நுழைகிறேன்?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. முழங்கையின் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைத் தொட்டுப் பாருங்கள். முத்தலைத் தசை அங்கேதான் வந்து பிணைகின்றது. அது அம்முனையை மேல்நோக்கி இழுக்கும்போது, மூட்டுக்கு மறுபுறத்தில் உள்ள முன்கை விரிந்து நீள்கின்றது, கதவும் நகர்கின்றது. உள்ளே நடப்பது இழுப்பு. வெளியே தெரிவது தள்ளல். இந்த மாற்றத்தைச் செய்து தருவது எலும்பு. எலும்பு இல்லையேல் தசையின் முயற்சி இப்படித் திசை மாறி வெளிப்பட வழியே இல்லை. தசை இல்லையேல் எலும்பு, நூலறுந்த பொம்மலாட்டப் பொம்மையாகக் கிடக்கும்.

எதிரெதிரான இரு தசைகளும் ஒரே நேரத்தில் முழு வலிமையுடன் இழுத்தால் என்ன ஆகும்? கை எப்பக்கமும் அசையாமல் விறைத்து நிற்கும். அவ்வாறு நேராதபடி முதுகுத் தண்டு பார்த்துக்கொள்கின்றது. ஒரு தசைக்குச் ‘சுருங்கு’ என்ற கட்டளை நரம்பு வழியே போகும்போதே, அதன் எதிர்த் தசைக்குச் செல்லும் நரம்பு அடக்கப்படுகின்றது. இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்து விளக்கியவர் சார்லஸ் ஷெரிங்டன் என்னும் ஆங்கில உடலியல் அறிஞர். நரம்பணுக்களின் பணிகளைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932இல் அவருக்கும் எட்கர் ஏட்ரியனுக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ததும்பும் காப்பித் தம்ளரைச் சிந்தாமல் ஏந்தி வரும்போது மட்டும், இரு தசைகளும் அளவாக ஒருங்கே இறுகி மூட்டை நிலைநிறுத்துகின்றன. ஆக, இழுப்பதற்கு மட்டுமன்று, விட்டுக்கொடுப்பதற்கும் உடலில் ஒரு சட்டம் இருக்கின்றது.

ஏற்றம், பாக்குவெட்டி, முள்வாங்கி

நெம்புகோலுக்கு மூன்று இடங்கள் உண்டு: அது ஊன்றித் திரும்பும் ஆதாரம், தூக்கவேண்டிய பளு, நாம் செலுத்தும் விசை. உடலில் எலும்பே நெம்புகோல், மூட்டே ஆதாரம், தசையின் இழுப்பே விசை. இம்மூன்றும் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைக் கொண்டு நெம்புகோல்களை மூவகையாகப் பிரிப்பார்கள். மூன்றுக்கும் நம் ஊரிலேயே உதாரணங்கள் உள்ளன.

முதல் வகை, கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றம். நடுவில் ஆதாரம், ஒரு முனையில் நீர்ச்சால், மறுமுனையில் மிதிப்பவரின் எடை. நம் தலை கழுத்தெலும்பின் உச்சியில் அமர்ந்திருப்பது இவ்வகையைச் சேர்ந்தது. தலையின் எடை மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகின்றது; பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. பிற்பகல் வகுப்பில் கடைசி வரிசை நண்பரின் பிடரித் தசைகள் தளரத் தொடங்கியதும், அவர் தலை முன்னால் சாய்வதை நீங்கள் கண்டிருக்கலாம். ஆசிரியர் சொல்வதை ஆமோதித்துத் தலையாட்டுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம்; ஏற்றத்தின் ஒரு பக்கம் ஆளில்லாமல் போய்விட்டது, அவ்வளவே!

இரண்டாம் வகை, பாக்குவெட்டி. ஒரு முனையில் ஆதாரம், நடுவில் பாக்கு, மறுமுனையில் கையின் விசை. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழும்பி நிற்பதை இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் கூறுகின்றன. முன்பாதம் ஆதாரம், உடலின் எடை கணுக்காலில் இறங்குகின்றது, கெண்டைக்கால் தசை பின்னாலிருந்து குதிகாலை மேலே இழுக்கின்றது.

மூன்றாம் வகை, காலில் தைத்த முள்ளை எடுக்கும் முள்வாங்கி. அதன் தகடுகள் கூடும் முனை ஆதாரம், நுனியில் முள், விரல் அழுத்துவது இடையில். முழங்கை மடங்குவது இத்தகையது. மூட்டு ஒரு முனையில். கையிலேந்திய பொருள் மறுமுனையில். இருதலைத் தசை இழுப்பது இரண்டுக்கும் நடுவே, மூட்டுக்கு மிக அருகில். நம் கைகால் அசைவுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகையே.

நட்டக் கணக்கு

இங்கேதான் ஒரு வியப்பு காத்திருக்கின்றது. இருதலைத் தசை முன்கை எலும்பில் பிணையும் இடம், முழங்கை மூட்டிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கின்றது. உள்ளங்கையோ சுமார் 35 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கின்றது. அதாவது ஏழு மடங்கு. எனவே முழங்கையை மடக்கி 5 கிலோ அரிசிப் பையை ஏந்தி நிற்கும்போது, தசை 35 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கவேண்டும். முன்கையின் சொந்த எடையைத் தாங்குவது இதற்கு மேல்.

பொறியியல் மாணவன் ஒருவன் இப்படியோர் இயந்திரத்தை வரைந்து கொடுத்தால் ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்வார். இதனை முதன்முதலில் விரிவாகக் கணக்கிட்டவர் இத்தாலிய அறிஞர் ஜியோவான்னி போரெல்லி. 1679இல் அவர் மறைந்த பின், 1680இலும் 1681இலும் வெளிவந்த ‘விலங்குகளின் இயக்கம்’ என்னும் பெருநூலில், தசைகள் தாம் தூக்கும் பளுவைவிடப் பன்மடங்கு மிகுந்த விசையைச் செலுத்துகின்றன என்று அவர் காட்டினார். குறைந்த விசையால் மிகுந்த பளுவைத் தூக்குவதற்காகவே உடலில் நெம்புகோல்கள் அமைந்துள்ளன என்ற பழைய எண்ணம் அத்துடன் கவிழ்ந்தது.

அப்படியானால் இயற்கை ஏமாந்துவிட்டதா? இல்லை. விசையில் இழந்ததை வேகத்தில் ஈட்டிக்கொண்டது. தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால், அதே நேரத்தில் கை ஏழு சென்டிமீட்டர் நகர்கின்றது. பந்தெறிபவரின் கை அத்தனை விரைவாகச் சுழல்வதும், மிருதங்கம் வாசிப்பவரின் விரல்கள் கண்ணுக்குப் புலப்படாமல் பறப்பதும் இந்த நட்டக் கணக்கினால் வந்த இலாபமே. மேலும், இருதலைத் தசை மணிக்கட்டருகே சென்று பிணைந்திருந்தால் விசை மிச்சமாகும். ஆனால் கையை மடக்கும்போதெல்லாம் புயத்துக்கும் மணிக்கட்டுக்கும் இடையே வில்லில் நாணேற்றியதுபோலத் தசை குறுக்கே நிற்கும். சட்டைகூட மாட்ட முடியாது.

விரல்களில் இந்தச் சிக்கனம் இன்னும் அழகாக வெளிப்படுகின்றது. விரல்களை வலிமையாக மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டின் வழியே ஓடி விரலெலும்புகளை இழுக்கின்றன. இடக்கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் தசைகள் நெளிவதை உணரலாம். திரைக்கு மேலே நின்று நூலை இழுக்கும் பொம்மலாட்டக்காரரைப் போலவே அவை தொழில் செய்கின்றன. விரல்களிலேயே பெருந்தசைகள் இருந்திருந்தால் வீணை வாசிக்கும் விரல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

தசைக்குள்ளே நடப்பது

தசை எவ்வாறு சுருங்குகின்றது? தசையைப் பிரித்தால் தலைமயிர் போன்ற மெல்லிய இழைகள். அவ்விழைகளைப் பிரித்தால் அவற்றுள் இன்னும் நுண்ணிய இழைகள். இந்நுண்ணிழைகள், சங்கிலிக் கண்ணிகள் கோத்தாற்போல ஒரே அளவான சிறு சிறு கூறுகளால் ஆனவை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 400 கூறுகள் இருக்கும். ஒவ்வொரு கூறிலும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் ஒன்றினூடே ஒன்று நுழைந்தவாறு அடுக்கப்பட்டுள்ளன. 1954 மே மாதம், ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கேயும் எழுதியது. மற்றொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும் எழுதியது. ஹக்ஸ்லிகள் இருவரும் உறவினரல்லர். இரு குழுவினரும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள். ஆயினும் முடிவு ஒன்றே: தசை சுருங்கும்போது இழைகள் குறுகுவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நுழைகின்றன.

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக நின்று கயிற்றைப் பற்றி இழுக்கிறார்கள். பிடியை விட்டு, சற்று முன்னே மீண்டும் பற்றி, மீண்டும் இழுக்கிறார்கள். எல்லாரும் ஒரே கணத்தில் கையை விடுவதில்லை. விட்டால் கயிறு நழுவிக் கடலுக்குள் ஓடிவிடும். மயோசின் இழையில் வரிசையாகத் துருத்தி நிற்கும் நுண்தலைகள் ஆக்டின் இழையை இழுப்பதும் இதே முறையில்தான். பற்றுகின்றன, இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடியும் பற்றுகின்றன.

இந்த வேலைக்குக் கூலி ஏ.டி.பி. என்னும் பொருள். தசையிலிருந்து அதனைப் பிரித்து அறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் ஹார்வர்டு சென்றவர். அவரும் சைரஸ் ஃபிஸ்க்கேயும் 1927இல் தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டினைப் பற்றியும், 1929இல் ஏ.டி.பி.யைப் பற்றியும் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். தசையில் இருப்பாக உள்ள ஏ.டி.பி. ஓரிரு விநாடிகளில் தீர்ந்துவிடும். பாஸ்போகிரியேட்டின் அதனை உடனுக்குடன் புதுப்பித்து மேலும் சில விநாடிகளுக்குத் தாக்குப்பிடிக்கச் செய்யும். அதன்பின் உணவிலிருந்து வந்த சர்க்கரையும் கொழுப்பும் கை கொடுக்கவேண்டும்.

இதில் என் உள்ளத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. ஏ.டி.பி. இழுப்பதற்கு மட்டும் தேவைப்படுவதில்லை. பற்றிய பிடியை விடுவதற்கும் அதுவே தேவை. உயிர் பிரிந்தபின் ஏ.டி.பி. உண்டாவது நின்றுவிடுவதால், மயோசின் தலைகள் பற்றிய பிடியை விடமுடியாமல் உடல் விறைத்துப் போகின்றது. தளர்ந்து கொடுப்பதும் உயிருள்ளவற்றின் ஆற்றலே என்பதை இது காட்டுகின்றது.

தசை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கே வேலையாக மாறுகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. அந்த வெப்பத்தையும் உடல் வீணாக்குவதில்லை. டிசம்பர்க் குளிரில் நாம் போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்குவது எதற்காக? எலும்புகளைப் பெரிதாக எங்கும் கொண்டுசெல்லாமல் தசைகள் விரைந்து விரைந்து சுருங்கி வெப்பத்தை உண்டாக்குவதற்காகவே. வடநாட்டுக் குளிரை முதன்முதலாகக் காணும் நம் புதிய மாணவர்கள் நடுங்குவதற்கு நாணவேண்டியதில்லை!

எலும்பு உயிரற்ற தூணன்று

எலும்பு என்றதும் ஆய்வுக்கூடத்தில் தொங்கும் எலும்புக்கூடு நினைவுக்கு வருவதால், அது கல்தூண் போன்ற உயிரற்ற பொருள் என்று எண்ணிவிடுகிறோம். உயிருள்ள எலும்பில் குருதி ஓடுகின்றது. பழைய பகுதி கரைக்கப்பட்டுப் புதிய பகுதி கட்டப்பட்டுக்கொண்டேயிருக்கின்றது. கைகால்களின் நீண்ட எலும்புகள் மூங்கிலைப்போல உள்ளே குழலாக அமைந்தவை. ஒரே எடையுள்ள திண்ணிய கழியைவிடக் குழல் எளிதில் வளையாது; எனவே இலேசாகவும் வலிமையாகவும் இருக்கமுடிகின்றது. எலும்புகள் கூடும் மூட்டுகளில் வழவழப்பான குருத்தெலும்பும், அதன்மேல் பசை போன்ற நீரும் உள்ளன. பனிக்கட்டியின்மேல் பனிக்கட்டி வழுக்குவதைக் காட்டிலும் குறைந்த உராய்வுடன் நல்ல மூட்டு இயங்குகின்றது.

எலும்புக்கும் தசைக்கும் இடையே கொடுக்கல் வாங்கலும் உண்டு. உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கின்றது. குருதியில் கால்சியம் குறைந்தால் எலும்பு தன் சேமிப்பிலிருந்து கொடுக்கின்றது. இந்தக் கொடை இல்லாமல் குருதியின் கால்சியம் மிகவும் குறைந்துபோனால், தசைகள் தாமாகவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தசை எலும்புக்குச் செய்யும் கைம்மாறு என்ன? சுமையும் இழுப்பும்! 1892இல் ஜெர்மானிய மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப், எலும்பு தான் தாங்கும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கின்றது என்று எழுதினார். டென்னிசு ஆட்டக்காரர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மறுகை எலும்பைவிடப் பருத்திருப்பது இதற்குச் சான்று. எதிர்ச்சான்றும் உண்டு. எடையற்ற விண்வெளியில் வாழ்ந்த விண்வெளி வீரர்களுக்கு, இடுப்பு போன்ற இடங்களில் திங்களுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை எலும்பின் அடர்த்தி குறைந்தது. இழுப்பார் இல்லாவிடில் எலும்பு மெலிகின்றது.

பெட்டிக்குத் திரும்புவோம்

இனி, ரயில் நிலையத்தில் நான் செய்த பிழையைக் கணக்கிடலாம். முதுகெலும்பின் பின்னால் ஓடும் தசைகளே குனிந்த உடலை நிமிர்த்துபவை. அவை இழுக்கும் இடம், முதுகெலும்பின் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பின்னால் உள்ளது. நான் கையை எட்ட நீட்டித் தூக்கிய பெட்டி சுமார் 50 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. பத்து மடங்கு! 20 கிலோ பெட்டிக்காக மட்டும் முதுகுத் தசைகள் 200 கிலோ எடைக்கு ஈடாக இழுக்க வேண்டியிருந்தது. குனிந்திருந்த என் மேலுடம்பும் ஒரு சுமைதானே? அதனை 35 கிலோ என்றும், அதன் நடு 25 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது என்றும் கொண்டால், அதற்காக மேலும் 175 கிலோ. ஆக மொத்தம் 375 கிலோ. இந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டுகளை நசுக்குகின்றது. இதுவும் பெட்டியை அசைக்காமல் பிடித்திருந்தால் ஆகும் கணக்கு. நான் வெடுக்கென்று தூக்கியதற்கு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

அதே பெட்டியை, முழங்கால்களை மடக்கி அமர்ந்து, உடலோடு அணைத்து, மேலுடம்பை நிமிர்த்தித் தூக்கியிருந்தால்? பெட்டி 25 சென்டிமீட்டர் தொலைவிலும் மேலுடம்பின் நடு 5 சென்டிமீட்டர் தொலைவிலும் இருந்ததாகக் கொள்வோம். முன்னதற்கு 100 கிலோ, பின்னதற்கு 35 கிலோ, ஆக 135. பெட்டி அதே பெட்டிதான். முதுகின் பாடு மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிவிட்டது. மீதி வேலையைத் தொடையின் பெருந்தசைகள் ஏற்றுக்கொள்கின்றன.

அந்தப் பெரியவர் செய்தது என்ன? சுமையை முதுகெலும்புக்கு நேர்மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார். தொலைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெட்டியின் 20 கிலோ எலும்புத் தூணின் வழியே நேராகத் தரையில் இறங்குகின்றது. தசைகளுக்குச் சாயாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டுமே. எனக்கு 375 கேட்ட பெட்டி, அவருக்கு 20 கிலோவாகவே இருந்தது. அவர் நெம்புகோல் கணக்கு எழுதித் தேறியவரல்லர். அந்தக் கணக்கை உடலால் அறிந்தவர். ஆயினும் அவருடைய வாழ்வு எளிது என்று நான் சொல்லவரவில்லை. ஆண்டுக்கணக்கில் பெருஞ்சுமையைத் தலையில் தாங்குவோருக்குக் கழுத்தெலும்புகளும் தட்டுகளும் தேய்வதுண்டு. திறமையால் சுமையின் கொடுமையைக் குறைக்கலாம். இல்லாமற் செய்துவிட முடியாது.

படுக்கையில் நான் செய்த இரண்டாவது பிழையையும் சொல்லிவிடுகிறேன். அசைந்தால் வலிக்கின்றது என்று பத்து நாட்கள் அசையாமல் கிடந்தேன். பதினோராம் நாள் எழுந்தபோது கால்கள் என்னுடையவை போலவே இல்லை. மாடிப்படி மலையாகத் தோன்றிற்று. என்னைப் பார்த்த மருத்துவர், சாதாரண முதுகுப் பிடிப்புக்கு நீண்ட படுக்கை மருந்தன்று, தீங்கு என்றார். வலி பொறுக்கும் அளவுக்கு இரண்டொரு நாளிலேயே எழுந்து நடமாடியிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார். இழுக்காத தசை விரைவில் மெலிகின்றது. அது மெலிந்தால் முதுகெலும்பைத் தாங்குவார் இல்லை. வலி இன்னும் நீள்கின்றது. ஆனால் காலில் மரத்துப்போதல், காலில் வலிமை குறைதல், சிறுநீர் கழிப்பதில் தடை அல்லது கட்டுப்பாடின்மை ஆகியவை முதுகு வலியோடு சேர்ந்து வந்தால், ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்திச் சொன்னார்.

அதன்பின் நாள்தோறும் விடுதியிலிருந்து வகுப்புக்கு நடந்தே போகின்றேன். புத்தகக் கட்டைத் தூக்குவதென்றாலும் முழங்காலை மடக்கி, மார்போடு அணைத்தே தூக்குகின்றேன். அறை நண்பர்கள், “கைக்குழந்தையை எடுக்கிறாயா?” என்று நகையாடுகிறார்கள். ஆடட்டும்.

இவ்வாண்டு விடுமுறை முடிந்து திரும்பியபோது, அதே நிலையத்தில் அதே தகரப் பெட்டியோடு இறங்கினேன். செஞ்சட்டை அணிந்தவர் ஒருவர் அருகில் வந்தார். சென்ற ஆண்டு கண்ட பெரியவர் அல்லர். கூலியைப் பேசி முடித்ததும் அவர் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பற்றியவாறு என்னைப் பார்த்தார். நான் முழங்கால்களை மடக்கி மறுபக்கக் காதைப் பற்றினேன். இருவரும் சேர்ந்து தூக்கினோம். பெட்டி தலைக்கு ஏறிற்று. தனியாக நின்று எந்தத் தசையும் நம்மைத் தூக்கி நடத்துவதில்லை என்பதை ஓராண்டில் நூலைப் படித்துக் கற்ற எனக்கு, சுமை தூக்குவோர் அதனை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள் என்பது அந்தக் கணத்தில் விளங்கிற்று.